திருத்துகிற மேசையிலிருந்து பார்த்தால்: 60,000 ரூபாவுக்கு எந்த போன்?

திருக்கோவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அக்கரைப்பற்றில் மருந்துக் கடையொன்றில் வேலை. கையில் 60,000 ரூபா இருக்கிறது. இப்போது பாவிக்கும் போன் மூன்று வருடப் பழசு, பட்டரி மத்தியானத்தோடு படுத்துவிடுகிறது. அம்மாவிடம் இருப்பது பொத்தான் போன். தங்கச்சி ஏ/எல் படிக்கிறா. கட்டாரில் இருக்கும் அண்ணன் "நான் ஒன்று வாங்கி அனுப்பவா" என்கிறாராம். கூட்டாளிமார் "அந்தக் காசுக்குப் பழைய ஐபோன் எடுடா" என்கிறார்களாம். எதை எடுப்பது, எடுத்தால் என்னென்ன ஆப் போடுவது? இதுதான் கேள்வி.

தம்பி, நான் மட்டக்களப்பு நகரத்தில் பதினான்கு வருடமாக போன் திருத்துகிறவன். விற்கிறவனுக்கும் திருத்துகிறவனுக்கும் ஒரே போன் இரண்டு விதமாகத் தெரியும். விற்கிறவர் பெட்டி திறக்கிற நாளில் அதைப் பார்க்கிறார், நான் அது சாகும் நாளில் பார்க்கிறேன். ஆகவே எந்த போன் நல்லது என்று என்னிடம் கேட்டால், இந்தக் கரையில் அது எதனால் சாகும் என்றுதான் முதலில் யோசிப்பேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பழைய ஐபோன் வேண்டாம். கட்டார் போனும் அண்ணன் இரண்டு மூன்று விஷயங்களை விசாரித்து அறிந்தால் ஒழிய வேண்டாம். நீண்டகாலம் அப்டேட் வரும் நடுத்தர அண்ட்ரொய்ட் ஒன்றைப் புதிதாக, இங்கேயே, பில்லோடு எடுங்கள். இருக்கிற போனுக்குப் பட்டரி மாற்றி அம்மாவுக்குக் கொடுங்கள். தங்கச்சியின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உப்பு. நீங்கள் கடற்கரை ஊர்க்காரர், விளங்கும். ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறதோ அப்படித்தான் போனின் சார்ஜ் வாயும். தண்ணியில் விழுத்தவே தேவையில்லை. சட்டைப் பையில் வியர்வை, மோட்டார் சைக்கிளில் போகும்போது முகத்தில் அடிக்கிற கடல்காற்று, அது போதும். ஒன்றரை வருடத்தில் "சார்ஜ் ஏறுதில்ல, வயரைச் சரிச்சுப் பிடிச்சா மட்டும் ஏறுது" என்று கொண்டுவருவார்கள். பாதிப் பேருக்கு உள்ளே அடைந்திருக்கும் பஞ்சையும் உப்பையும் எடுத்துத் துடைத்தாலே போதும், காசும் பெரிதாக இல்லை. மற்றப் பாதிக்குப் பின்னே பச்சை பிடித்திருக்கும். அது செம்பு கரைகிற பச்சை.

போன வருடம் மாரி தொடங்க முதல் வாவியில் தோணி வலிக்கிற ஒரு பெரியவர் வந்தார். பொலித்தீன் பையில் சுற்றி, அதையும் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துத்தான் போனைக் கொண்டுபோகிறவர். அன்றைக்கு மட்டும் மகளுக்கு வீடியோவில் மீனைக் காட்ட வெளியே எடுத்திருக்கிறார், கை தவறிவிட்டது. உடனே எடுத்துத் துடைத்து, வெயிலில் காயவைத்து, வீட்டுக்குப் போய் சார்ஜில் போட்டாராம். "ரெண்டு நாள் நல்லா வேலை செஞ்சது மனே, மூணாம் நாள்தான் கண்ணை மூடிட்டு" என்றார். திறந்து பார்த்தால் போனின் உள்தட்டு முழுக்க, சார்ஜைக் கட்டுப்படுத்துகிற சில்லைச் சுற்றி, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அந்த இரண்டு நாள்தான் மோசம். உப்புத்தண்ணி மின்சாரத்தை நல்லாகக் கடத்தும். பட்டரி உள்ளே இருக்கும் வரைக்கும் மெல்லிய கம்பிகளை அது தின்றுகொண்டே இருக்கும். தண்ணி காய்ந்தாலும் உப்பு போகாது, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கும். அவர் சார்ஜில் போடாமல், அணைத்து, அன்றைக்கே கொண்டுவந்திருந்தால் ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் கழுவி அநேகமாகக் காப்பாற்றியிருப்பேன்.

"ஐபி68 போட்டிருக்கே அண்ணன், தண்ணிக்கு ஒண்ணும் ஆகாதே" என்று கேட்பீர்கள். அந்த எண்ணில் 6 என்பது தூசிக்கு, 8 என்பது தண்ணிக்கு. ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணியில் செய்வது. ஒன்றரை மீற்றர், அரை மணித்தியாலம் என்று கம்பனிகள் எழுதுவதெல்லாம் நல்ல தண்ணிக் கணக்கு. கடலும் வாவியும் அதில் சேராது. இன்னொன்று, அந்தக் காப்பு உள்ளே ஒட்டியிருக்கும் பசையில் இருக்கிறது. ஒருமுறை டிஸ்ப்ளே மாற்றத் திறந்தால் அந்தப் பசை போய்விடும். புதுப் பசை வடிவாகப் போடாவிட்டால் பெட்டியில் என்ன எண் இருந்தாலும் அது வெறும் எண். பழைய ஐபோனைப் பற்றி நான் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், எத்தனை பேர் திறந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

அரிசிக்குள் போடுவதையும் விட்டுவிடுங்கள். வெள்ளாமை செய்கிற அம்பாறை மாவட்டத்து ஆளிடம் அரிசியைக் குறை சொல்ல எனக்கே ஒரு மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அரிசி உப்பை உறிஞ்சாது. அதன் தூளும் உடைந்த குருணியும் சார்ஜ் வாய்க்குள் போய்ச் சிக்கும். ஐபோனை அரிசிக்குள் போட வேண்டாம் என்று 2024இல் அப்பிள் கம்பனியே சொல்லிவிட்டது. நான் குறட்டால் குருணி எடுத்த போன்களுக்குக் கணக்கில்லை.

அடுத்தது கரண்டும் வெக்கையும். லித்தியம் பட்டரிக்குப் பகை வெக்கைதான். ஐபோனைச் சுற்றுப்புற வெப்பம் 35 பாகைக்குள் இருக்கும்போது பாவிக்கச் சொல்கிறது அப்பிள். நம்மூரில் ஆடி ஆவணியில் வெளியே நின்றாலே அது தாண்டிவிடும். உழவு மெஷினின் முன் தட்டில், நேர் வெயிலில், பாட்டும் போட்டு சார்ஜும் ஏற்றினால் பட்டரி என்ன செய்யும்? ஊதிப் பின்மூடியைத் தள்ளும். வெள்ளாமை வெட்டுக் காலத்தில் எனக்கு வருவதில் பாதி அதுதான். தலையணைக்குக் கீழ் வைத்து இரவு முழுக்க சார்ஜ் போடுவதும் கிட்டத்தட்ட அதே பாவம். புதிதாக எடுக்கும் போனில் 80 வீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். சம்சுங்கில் உண்டு, ஐபோன் 15 முதல் அதிலும் உண்டு. பெரிய வாட் சார்ஜர் போட்டால் பட்டரி கெடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது, அதை நம்ப வேண்டாம். போன் தனக்குத் தேவையானதைத்தான் இழுக்கும். கெடுப்பது நடைபாதையில் விற்கிற போலிச் சார்ஜர். அதற்குள்ளே காப்பு என்று ஒன்றும் இருக்காது.

மின்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசியிலும் சித்திரையிலும் பின்னேர இடி விழுந்த மறுநாள் காலை கடை திறக்க முதலே நாலு பேர் நிற்பார்கள். எல்லார் கையிலும் சார்ஜ் போட்டபடி இடி கேட்ட போன். மேகம் கறுத்தால் பிளக்கைக் கழற்றுங்கள், இன்டர்நெட் பெட்டியின் வயரையும் சேர்த்து.

அப்புறம் மாரியில் நாள்கணக்கில் கரண்ட் போகும், டவரும் சில நேரம் சேர்ந்து போகும். அந்த நேரத்தில் விலை கூடிய போன் வெறும் கண்ணாடித் துண்டு. மலிவு போன்கள் பலதில் இன்னும் எஃப்எம் றேடியோ இருக்கிறது, இயர்போன் வயரைச் செருகினால் அதுவே அன்டெனா, டேட்டா ஒரு துளியும் வேண்டாம். 1978 சூறாவளியைக் கண்ட நம் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பட்டரி றேடியோவின் அருமை தெரியும். ஆகவே அம்மாவின் பொத்தான் போனை வீசிவிடாதீர்கள். ஒரு சிம்மோடு சார்ஜ் ஏற்றி அலுமாரியில் வையுங்கள், ஒரு வாரம் தாங்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் அதில் பதிந்து வையுங்கள்.

சரி, இனிக் கடைக்குப் போவோம். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாதது. 108 மெகாபிக்சல் என்று இருக்கும். அது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகத்தான் தரும். பின்னால் மூன்று கண் தெரியும், அதில் இரண்டு 2 மெகாபிக்சல் அலங்காரம். "8+8 ஜிபி ரேம்" என்றால் எட்டுத்தான் உண்மை. மற்ற எட்டு சேமிப்பில் இருந்து கடன் வாங்கியது, அது ரேமின் வேகத்துக்குக் கிட்டவும் வராது. பெட்டியில் போடாத ஒன்றைத்தான் நீங்கள் கேட்க வேண்டும்: சேமிப்பு இஎம்எம்சியா, யூஎஃப்எஸா? மலிவு போன்களில் போடுவது இஎம்எம்சி, மெதுவானது. முதல் மாதம் வித்தியாசம் தெரியாது. இரண்டாம் வருடம் வாட்ஸ்அப் திறக்க நீங்கள் ஒரு வெற்றிலை போட்டு முடிக்கலாம். கடைப் பையனுக்குத் தெரியாவிட்டால் போனின் பெயரைத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. ரேம் 6 ஜிபிக்குக் குறையாமல், சேமிப்பு 128க்குக் குறையாமல் எடுங்கள்.

இதைவிட முக்கியம் எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்பது. வங்கி ஆப் வைத்திருக்கிற போனுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் அது கதவில்லாத வீடு. ஆப்களும் காலப்போக்கில் பழைய போனைக் கைவிடும். 2025இல் வாட்ஸ்அப் அண்ட்ரொய்ட் 4.4ஐ விட்டுவிட்டது. அந்த வாரம் நல்லா வேலை செய்கிற போனைத் தூக்கிக்கொண்டு எத்தனை அம்மாமார் வந்தார்கள் தெரியுமா? திருத்த ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை. முன்பெல்லாம் விலை கூடிய போனுக்குத்தான் நீண்ட காலம் தருவார்கள். 2024 ஜனவரியில் வந்த எஸ்24க்கு சம்சுங் ஏழு வருடம் என்றது. அதே வருடக் கடைசியில் வந்த மலிவு ஏ16க்கே ஆறு வருடம் என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு நான் காட்டும் திசை அதுதான்: ஏ16 வகை, அல்லது அதே அளவு காலம் தரும் வேறு எதுவும். அதிலும் 4 ஜிபி ரேம் உள்ளதை எடுத்துவிட்டு ஆறு வருடம் ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். அப்டேட் வரும், போன்தான் நகராது. அதன் காப்பு ஐபி54, அதாவது தூறலுக்கு, வியர்வைக்கு. வாவிக்கு இல்லை. மேலே சொன்ன கதையை மறக்க வேண்டாம்.

விலையைப் பற்றி ஒரு முறைப்பாடு. 2022இல் ரூபா விழுந்தபோது ஒரு டொலர் 200இல் இருந்து 360 வரைக்கும் போனது, போன் விலையும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியது. பிறகு 2024 ஜனவரியில் போனுக்கும் 18 வீத வற் வந்தது. டொலர் இறங்கியும் விலை பழைய இடத்துக்கு வரவில்லை. எங்கள் திருத்தக் கடைகளுக்கு நல்ல காலம் அதுதான். முன்பு வீசுகிற போனை எல்லாம் மக்கள் திருத்திப் பாவித்தார்கள். 2022 ஆடியில் எரிபொருள் எடுக்கக் கியூஆர் குறி வந்தபோது, ஸ்மார்ட்போன் இல்லாத மீன்காரர், வெள்ளாமைக்காரர் எல்லாரும் எங்கள் மேசையில்தான் பதிந்து, அச்செடுத்து, லெமினேட் பண்ணி, ஹொண்டாவின் டாங்கியில் ஒட்டிக்கொண்டு போனார்கள்.

பழைய ஐபோனுக்கு வருவோம். 60,000க்கு வருவது நாலைந்து வருடம் ஓடியதாக இருக்கும். ஐபோனைக் கெட்ட சாமான் என்று நான் சொல்ல மாட்டேன். படம் எடுக்க, நீண்ட காலம் உழைக்க, இன்றைக்கும் அதுதான் மேல். ஆனால் நீங்கள் வாங்குவது ஐபோன் இல்லை, யாரோ ஒருவர் ஐபோனைப் பாவித்த விதம். பட்டரியின் கொள்ளளவு 80 வீதத்துக்குக் கீழ் போயிருக்கும், அல்லது 100 என்று காட்டும்படி உள்ளே ஏதாவது செய்திருப்பார்கள். அப்படியும் எடுப்பதென்றால் மூன்று இடம் பாருங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போனால், மாற்றிய பாகங்கள் இருந்தால் அங்கே எழுதியிருக்கும், கம்பனிப் பாகமா இல்லையா என்றும் சொல்லும். விற்கிறவர் உங்கள் கண்முன்னே தன் ஐக்ளவுட் கணக்கை எடுத்துவிட்டு, போனை முழுக்க அழித்து, புதிதாகத் தொடங்கிக் காட்ட வேண்டும். "பிறகு எடுத்துத் தாறேன் மச்சான்" என்றால் எழும்பி வந்துவிடுங்கள். அந்தக் கணக்குப் போனில் போடுகிற பூட்டைத் திறக்க எங்களாலும் முடியாது, முடியும் என்கிற கடையையும் நம்பாதீர்கள். மூன்றாவது, *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், வரும். எஸ்எம்எஸ்ஸில் ஐஎம்இஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909க்கு அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அந்தப் போன் இருக்கிறதா என்று பதில் வரும். புதுப் போனுக்கும் இதைச் செய்யுங்கள், கடைக்காரர் முன்னாலேயே. நேர்மையான கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

கட்டார் போனில் வேறு சிக்கல். அண்ணன் அன்போடு அனுப்புவார், நல்ல போனாகவும் இருக்கும். ஆனால் இங்கே அது பதிவில் இருக்காது, வெளிநாட்டில் இருந்து கொண்டுவருவதற்கு ஆணைக்குழுவின் நடைமுறை என்ன என்று வாங்க முதல் கேட்டுவிட வேண்டும். சில போன்கள் விற்ற நாட்டு சிம்மில் சில நிமிடம் கதைத்த பிறகுதான் வேறு நாட்டு சிம்மை ஏற்கும். பெட்டியில் சின்ன ஸ்டிக்கரில் எழுதியிருப்பார்கள், யார் வாசிக்கிறார்கள்? அண்ணன் தன் சிம்மைப் போட்டுக் கதைத்துவிட்டு அனுப்பினால் அந்தத் தொல்லை இல்லை. மூன்றாவது 4ஜியில் குரல் அழைப்பு. வெளிநாட்டுக்கென்று செய்த போன்கள் சிலதில் நம் கம்பனிகளின் 4ஜி அழைப்பு வேலை செய்யாது. அழைப்பு வந்தவுடன் 4ஜி போய்ப் பழைய அலைவரிசைக்கு இறங்கும், டேட்டா நின்றுவிடும், குரலும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கும். வேண்டுமென்றே குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இவ்வளவையும் விசாரித்துச் சரி என்றால் தாராளமாக வாங்கட்டும்.

ஆப்களுக்கு வந்தால், கேட்ட மாதிரிப் பட்டியல் தரமாட்டேன். வளைகுடாவில் பிள்ளை இருக்கிற வீடு என்பதால் முதலில் பேச்சு ஆப். எங்கள் பக்கம் இமோ இல்லாத வீடு கிடையாது. டேட்டா குறைந்தாலும் முகம் தெரியும் என்பதற்காக ஊரே அதைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அதில் பிரியமில்லை. விளம்பரம் அதிகம், தெரியாத ஆட்கள் வந்து தட்டுவதும் அதிகம், வயதானவர்கள் எதையாவது அமத்திவிடுகிறார்கள். முடிந்தால் வாட்ஸ்அப்போடு நிற்கட்டும். ஆனால் யாராவது துபாய் பக்கம் போனால் அங்கே வாட்ஸ்அப்பில் எழுத்தும் குரல்பதிவும் போகும், அழைப்புப் போகாது. அங்கே அனுமதி உள்ள போட்டிம் போன்ற ஒன்றைத்தான் பாவிக்க வேண்டும். "மகன் என்னோட கதைக்கிறானில்ல" என்று ஒரு அம்மா அழுதுகொண்டே போனைத் தந்தா. மகனும் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு கிழமையாக அழைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறான். போனில் பிழை ஒன்றுமில்லை.

வாட்ஸ்அப்பில் அன்றைக்கே செய்ய வேண்டியது இரண்டு. படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். "போன் ஸ்லோ" என்று வருவதில் அரைவாசி, காலை வணக்கம் சொல்லும் பூப் படங்கள் நிரம்பியதுதான். ஒரு ரீச்சரின் போனில் பதினோராயிரம் படம் அழித்தேன், அதில் அவருடைய பேரப்பிள்ளையின் படம் நாற்பது இருந்திருக்கும். இரண்டாவது, இரட்டைச் சரிபார்ப்பு என்று ஆறு இலக்கப் பின் ஒன்றைப் போடுங்கள். தெரிந்தவரின் எண்ணிலிருந்தே "உங்களுக்கு ஒரு கோட் வந்திருக்கும், தவறி அனுப்பிட்டன், சொல்லுங்க" என்று செய்தி வரும். சொன்னால் உங்கள் கணக்கு அவன் கையில். பிறகு உங்கள் பெயரில் உங்கள் மாமாவிடம் காசு கேட்பான். மாமாவும் போடுவார். பேக்கப் எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: அண்ட்ரொய்டில் வாட்ஸ்அப் பேக்கப் 2024 முதல் கூகுளின் இலவச 15 ஜிபிக்குள்தான் சேர்கிறது. அது நிரம்பினால் ஜிமெயிலும் நிற்கும். வீடியோவைச் சேர்க்காமல் பேக்கப் எடுங்கள்.

தமிழில் எழுதுவதற்கு கூகுளின் விசைப்பலகையான ஜிபோர்ட் போதும், தனியாக எதுவும் இறக்க வேண்டாம். மொழியில் சேர்க்கும்போது தமிழ் (இந்தியா), தமிழ் (இலங்கை) என்று பிரித்துக் காட்டும். குரலால் எழுத இலங்கையைத் தெரிவு செய்யுங்கள். அம்மாவுக்கு இதைப் பழக்கிக் கொடுத்தால் அவ உங்களை விடக் கெதியாக எழுதுவா. ஆனால் நம் பேச்சை அதற்கு முழுதாக விளங்காது. என் மாமி சின்னம்மாவுக்கு "என்னகா செய்றாய்" என்று சொல்லிப் பார்த்தா, "என்ன அக்கா செய்றாய்" என்று போய்விட்டது. வயதில் சின்னவளை அக்கா ஆக்கியதற்கு இரண்டு நாள் சிரிப்பு. கொஞ்சம் எழுத்து வழக்காகச் சொன்னால் அனேகமாகச் சரியாக விழும்.

தங்கச்சிக்குப் புதுப் போன் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆறரை அங்குலத் திரையில் பாடப்புத்தகம் படிக்கிற பிள்ளையைப் பார்த்தால் கண்ணுக்குப் பாவமாக இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் தளத்தில் ஏ/எல் வளநூல்கள் தமிழில் பிடிஎஃப்பாக இலவசமாகக் கிடைக்கும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. உங்கள் போனில் இறக்கி, வேண்டிய பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கொடுங்கள். பிறகு கை கூடும்போது பாவித்த லப்டொப் ஒன்று எடுக்கலாம், பல்கலைக்கழகம் போனாலும் உதவும். ஒரு விஷயம் அவவுக்குக் கட்டாயம் வரும்: ரியூசன் சேர் அனுப்புகிற நோட்ஸ் போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். வைரஸ் என்று பயந்துவிடுவார்கள். அது பாமினி. நம் நாட்டில் அச்சுக்கூடம் முதல் பள்ளிக்கூடம் வரை வருடக்கணக்காகத் தட்டெழுதியது அந்த எழுத்துருவில்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்த ஏற்பாடு அது. எழுத்துரு இல்லாத போனில் "தமிழ்" என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். சேரிடம் பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பச் சொன்னால் உருவமும் கூடவே வரும். இல்லாவிட்டால் பாமினியை யூனிகோடாக மாற்றித் தருகிற பக்கங்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, ஒட்டி எடுத்தால் சரி.

உடனடிக் கடன் தருகிற ஆப் எதுவும் உங்கள் வீட்டில் ஒரு போனிலும் இருக்கக் கூடாது. அவை தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்பது சும்மா இல்லை. தவணை ஒரு நாள் பிந்தினால் உங்கள் பட்டியலில் இருக்கிற அத்தனை பேருக்கும் அழைப்புப் போகும். கலியாணம் பேசி வைத்திருந்த ஒரு பொடியனின் மாமனார் வீட்டுக்கே போன கதை எனக்குத் தெரியும். அதற்கு மேல் எழுத மாட்டேன்.

இருக்கிற போனை அம்மாவுக்குத் தர, பட்டரி மாற்றுகிற செலவு சில ஆயிரத்துக்குள் முடியும். அக்கரைப்பற்றிலேயே செய்யலாம், மட்டக்களப்பு வரை அலைய வேண்டாம். ஊதிய பட்டரியாக இருந்தால் அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் கொண்டுபோங்கள். மாற்றிய பழைய பட்டரியைக் கையில் கேட்டு வாங்கிப் பாருங்கள், அப்போதுதான் உண்மையில் மாற்றினார்களா என்று தெரியும். பார்த்துவிட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள், வீட்டுக் குப்பையில் போடுகிற சாமான் இல்லை.

போகும்போது சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் திருத்த வேலைக்கென்றே ஒரு முறை இருக்கிறது, சம்சுங்கில் மெயின்டெனன்ஸ் மோட் என்று வரும். அதைப் போட்டால் திருத்துகிறவருக்குப் போன் வேலை செய்யும், உங்கள் படமும் செய்தியும் தெரியாது. பூட்டு எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் கொடுக்காதீர்கள். பட்டரி மாற்ற அது தேவையே இல்லை, நான் கேட்டாலும்தான்.